பறிக்கிற கைதான் பருவம்

ரோஜாவுக்குத் தூக்கம் வேண்டும். குளிர்நாடுகளில் அது கேட்காமலே கிடைத்துவிடுகிறது. இலை கொட்டும், பனி விழும், செடி அடங்கும். குளிர் விடுகிற நேரத்தில் தோட்டக்காரர் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார். டில்லியில்கூட அக்டோபர் கவாத்து என்று ஒரு கணக்கு உண்டு. மழை முடிந்து குளிர் தொடங்குகிற அந்த இடைவெளியை நம்பித்தான் அங்கே ரோஜாத் தோட்டங்கள் நடக்கின்றன. எங்கள் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் அப்படி ஒரு மாதம் கிடையாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டே பாகையில் இருக்கிறோம். ஜனவரியானாலும் ஜூலையானாலும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். மத்தியானம் 31, 32 டிகிரி, விடியற்காலையில் 23. செடி நிற்காமல் துளிர்க்கும், நிற்காமல் பூக்கும், கடைசியில் களைத்துப்போய் நோயில் விழும்.

பால்மரக் காட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பால்மரத்தை நம் ஆட்கள் தினமும் சீவ மாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மரத்துக்கு ஆறுதல் கொடுப்பார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்; பால் குறையும். அது மரம் தானே எடுத்துக்கொள்கிற விடுமுறை. ரோஜாவுக்கு இந்த ஊரில் அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதற்கு விடுமுறையை நாம்தான் கொடுக்க வேண்டும், கத்தரிக்கோலால்.

மூலிகைகளுக்கும் இதே சட்டம்தான். புதினாவோ துளசியோ கறிவேப்பிலையோ, வெட்டாமல் விட்டால் நெடுநெடுவென்று ஓடி, பூத்து, விதை வைத்து, அடியில் கட்டையாகிப் போகும். தாமான் வீட்டு முன்வாசலில் தொட்டி வைத்துப் பழகியதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: பருவம் இல்லாத ஊரில் பறிப்பதே பராமரிப்பு. பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று தொடாமல் விட்ட செடி சீக்கிரமே கெடும். வீட்டில் யாராவது தினமும் கை வைக்கிற செடி தழைக்கும். உரம், மருந்து, தண்ணீர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ரெங்கம் மண்

மலேசிய மண்ணை வகை பிரித்த ஆய்வாளர்கள், கருங்கல் பாறை மக்கி உண்டான ஒரு பெரிய வகைக்கு 'ரெங்கம்' என்று பெயர் வைத்தார்கள். நம் மாவட்டத்து ரெங்கம்தான். இங்கிருந்து காரில் போய்விடுகிற தூரம். மஞ்சளும் பழுப்புமாக, மணல் கலந்த களி. ஆழமாக வேர் இறங்கலாம், தண்ணீர் தேங்காது. செம்பனையும் பால்மரமும் இந்த வட்டாரத்தில் இவ்வளவு செழித்ததற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். ஆனால் புளிப்பு மண். அமிலத்தன்மை 4.5 சுற்றி நிற்கும். சத்தைப் பிடித்து வைக்கிற சக்தியும் குறைவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழை, போட்ட உரத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய்விடும். ரோஜா கேட்பதோ 6-லிருந்து 6.5.

இதில் இன்னொரு சிக்கல். தாமான் வீட்டில் இந்த இயற்கை மண்ணும் கிடைப்பது சந்தேகம். முன்வாசலில் பாதிக்குச் சிமெண்டு போட்டிருப்பார்கள். மீதி இடத்தைத் தோண்டினால் மேட்டை வெட்டி நிரப்பிய செம்மண்ணும், செங்கல் துண்டும், காய்ந்த சாந்தும் வரும். அதனால் பெரும்பாலான வீடுகளில் தோட்டம் என்றால் தொட்டிதான். தொட்டியில் ஒரு சௌகரியம்: மண்ணை நம் இஷ்டத்துக்குக் கலக்கலாம்.

என் கலவை இது. நர்சரியில் 'தானா ஹித்தாம்' என்று மூட்டையில் விற்கிற கறுப்பு மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, சுட்ட உமி ஒரு பங்கு, நன்றாக மக்கிய கோழி எரு அரைப் பங்கு. ஒரு பெரிய தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பு மாவு. எரு புதிதாக இருந்தால் சூடு வைத்து வேரைப் பொசுக்கும். மூட்டையில் கைவிட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நெடி அடிக்கக் கூடாது. அதுதான் பதம். ரோஜாவுக்கு 12 அங்குலத்துக்குக் குறையாத ஆழமான தொட்டி வேண்டும். ரோஸ்மேரி மாதிரி வறண்ட நாட்டுச் செடிகளுக்கு எருவைக் குறைத்து மணலைக் கூட்ட வேண்டும்.

மேலே மூடாக்குப் போட ஆலையில் காய் உதிர்த்த பிறகு மிஞ்சுகிற செம்பனை வெறுங்குலை கிடைத்தால் விடக்கூடாது. சிறிதாகப் பிய்த்துத் தொட்டி மேல் பரப்பினால் மண் சூடேறாது. மக்கும்போது பொட்டாசியச் சத்து இறங்கும். பூக்கிற செடிக்கு அதுதான் தேவை. உரம் என்றால் நம் ஊரில் எல்லாரும் எடுப்பது நீல நிறக் குருணை, 12:12:17. மாதம் ஒரு பிடி போடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி, தொட்டி ஓரமாக, ஈர மண்ணில் போடுங்கள். ஒரேயடியாகப் போட்டால் பாதி அடுத்த மழைக்கே வடிகாலில் போய்ச் சேரும்.

தொட்டிக்கும் இடமாற்றம் உண்டு

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒரு விஷயம், சூரியன் வருடத்தில் பாதி நாள் நமக்கு வடக்கிலும் மீதி நாள் தெற்கிலும் நிற்கிறது என்பது. மார்ச் கடைசி வாரத்தில் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல். அங்கிருந்து வடக்கே சாய்ந்து, ஜூன் கடைசியில் அதிகபட்சம் போய், செப்டம்பர் நடுவில் மறுபடி தலைக்கு மேல் வந்து, பிறகு தெற்கே போகும். டிசம்பரில் தெற்குச் சாய்வு 25 பாகைக்குக் கொஞ்சம் மேல்.

வரிசை வீட்டில் இதன் விளைவு பெரியது. வடக்குப் பார்த்த வீட்டின் முன்வாசலுக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் நல்ல வெயில். அக்டோபரில் தொடங்கிக் கூரையின் நிழலே வாசலை விழுங்கிவிடும். தெற்குப் பார்த்த வீட்டுக்கு நேர்மாறு. "நல்லாப் பூத்துக்கிட்டிருந்த செடி, தீபாவளிக்கு அப்புறம் மொட்டே வைக்க மாட்டேங்குது" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது உரத்தைப் பற்றி அல்ல, வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று. ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், அதிலும் காலை வெயிலாக இருந்தால் உத்தமம். இரவு இலையில் தங்கிய ஈரத்தைக் காலை வெயில் காய வைத்துவிடும். அந்த ஈரம்தான் ரோஜாவின் எமன், கீழே சொல்கிறேன். ஆகவே ரோஜாத் தொட்டிக்குச் சக்கரப் பலகை ஒன்று வாங்கிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை அது இடம் மாறியாக வேண்டும்.

எந்த ரோஜா இங்கே நிற்கும்

கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்கள் ஒரு ரோஜாத் தொட்டியோடு இறங்குவது வழக்கம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே இரவு குளிரும். மொட்டு மெதுவாகத் திரளும், இதழ் நிறையச் சேரும், நிறம் அழுத்தமாக ஏறும். அதே செடி குளுவாங்கில் வைத்த அடுத்த பூவிலேயே சிறுத்து வெளிறிவிடும். நர்சரிக்காரர் நிறம் ஏற்றி விற்றுவிட்டார் என்று சிலர் சந்தேகப்படுவார்கள். அவர் மேல் குற்றமில்லை. சூட்டில் மொட்டு அவசரமாக விரிகிறது. இதழ் அடுக்க அதற்கு நேரமில்லை. நம் குனோங் லம்பாக் உச்சியே 510 மீட்டர்தான். அங்கே கொண்டுபோய் வைத்தாலும் மலைக்குளிர் கிடைக்காது.

இந்த ஊருக்கு ஏற்றது சீன ரோஜாவின் இரத்தம் உள்ள வகைகள். வருடம் முழுவதும் திரும்பத் திரும்பப் பூக்கும் குணமே ரோஜாவுக்குச் சீன வகைகளிலிருந்துதான் வந்தது. அவை போய்ச் சேரும் முன் ஐரோப்பாவின் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் பூத்து ஓய்ந்தவை. அந்தப் பழைய வகைகளை இங்கே வைத்தால் குளிருக்குக் காத்திருந்து இலையாகவே நிற்கும்.

நம்மவர்கள் பன்னீர் ரோஜா என்றும் எட்வர்ட் ரோஜா என்றும் கேட்டு வாங்குகிற அந்த இளஞ்சிவப்புப் பூவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். எட்வர்டின் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரீயூனியன் தீவு. பிரெஞ்சுக்காரர்கள் அப்போது அதைப் பூர்போன் என்று அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலியில் வளர்ந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து பிறந்த வகை அது. வாசனை டமாஸ்க் கொடுத்தது. ஓயாமல் பூப்பது சீனம் கொடுத்தது. அதே தீவுக்குக் கரும்பு வெட்டத் தமிழர்களும் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டில் மாலைக்கும் பன்னீருக்கும் ஆகிவந்த பூ, கடல் தாண்டி நம் சாமி மேடைக்கும் வந்து சேர்ந்தது. வெயிலையும் மழையையும் தாங்கும், குச்சி வைத்தாலே வேர் பிடிக்கும். முதல் ரோஜா வைப்பவருக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை.

குச்சி வைக்கும் முறை எளிது. பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனுள்ள துண்டை ஆறு அங்குலத்துக்கு வெட்டி, மேல் இரண்டு இலையை மட்டும் விட்டு, சுட்ட உமியும் மணலும் கலந்த சின்னத் தொட்டியில் பாதி வரை செருக வேண்டும். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் இறங்கும். இடையில் வேர் வந்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்க்கிற ஆசையை மட்டும் அடக்க வேண்டும். பெரிய பூ விடுகிற கலப்பு வகைகள் இப்படி லேசில் வராது. அவற்றை முரட்டு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்புகிற துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் வேர்ச்செடி மேலெழுந்து நல்ல ரோஜாவை அமுக்கிவிடும்.

கரும்புள்ளியும் கத்தரிக்கோலும்

இலையில் கறுப்பு வட்டம் விழும். ஓரம் நேராக இராமல் இழை இழையாகப் பிரிந்திருக்கும். சுற்றிலும் மஞ்சள் படரும், இலை உதிரும், அடியிலிருந்து மேலே ஏறும். ஜொகூரில் ரோஜா வளர்க்கிற எவரும் இதிலிருந்து தப்பியதில்லை. இது ஒரு பூஞ்சணம். இதன் வித்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இலை விடாமல் ஏழு மணி நேரமாவது ஈரமாக இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். நம் ஊர் மழை எப்போது பெய்கிறது? மத்தியானம் வெயில் கொளுத்தி, நாலு மணிக்கு இடி இடித்து, அந்தியில் பெய்து ஓய்கிறது. அப்புறம் விடியும் வரை இலை காய வழியில்லை. ஏழு மணி நேரம் என்ன, பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கிறது பூஞ்சணத்துக்கு.

குளிர்நாட்டில் இலையெல்லாம் கொட்டுவதால் நோயின் ஓட்டம் வருடத்தில் ஒருமுறையாவது தடைபடும். இங்கே பழைய இலையிலிருந்து புது இலைக்கு அது தடையில்லாமல் தாவிக்கொண்டே இருக்கும். மருந்து தெளிப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியங்கள் சில: ரோஜாத் தொட்டியை ஒளி ஊடுருவும் கூரைக்கு அடியில் வைப்பது, தொட்டிக்குத் தொட்டி ஒரு முழம் விட்டுக் காற்றோட வைப்பது, மேலாகத் தண்ணீர் தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுவது, அதையும் காலையில் முடித்துவிடுவது. புள்ளி விழுந்த இலையைப் பறித்துக் குப்பையில் போட வேண்டும். எருக்குழியில் போடவே கூடாது.

அப்புறம் கத்தரி. பூ வாடத் தொடங்கியதும் அந்தக் கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். பூவுக்கு நேர் கீழே உள்ள இலைகளில் மூன்று சிற்றிலைதான் இருக்கும். இன்னும் கீழே வந்தால் ஐந்து சிற்றிலை உள்ள இலை ஒன்று வரும். அது செடியின் நடுவைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அந்த இலைக்காம்பும் தண்டும் சேர்கிற இடுக்கில் கடுகு அளவுக்கு ஒரு கணு மொட்டு இருக்கும். அதற்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக, ஒரே வெட்டு. மழை நீர் மொட்டின் மேல் வழியாமல் பின்பக்கம் இறங்கிவிடும். கத்தரியின் வாய் மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும். நசுங்கிய இடம் பழுப்பாகிக் கீழே இறங்கி, கிளையே காய்ந்துபோகும். ஒரு செடியை முடித்து அடுத்ததைத் தொடும் முன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுவது என் வழக்கம். சில நாளில் அந்தக் கணு சிவந்து பருக்கும்; ஐந்து, ஆறு வாரத்தில் அதே கிளையில் அடுத்த பூ.

இது வாராந்தர வேலை. இதைத் தவிர வருடத்தில் இரண்டு முறை, மழை சற்று அடங்குகிற பிப்ரவரியிலும் ஜூலையிலும், பெரிய கவாத்து. காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பேன். மிச்சமுள்ள இலைகளையும் ஒன்று விடாமல் உருவிவிடுவேன். பத்து நாள் உரம் கிடையாது, தண்ணீரும் அளவாகத்தான். முள்ளும் குச்சியுமாக நிற்கிற செடியைப் பார்த்து, "என்னாங்க, செத்துப்போச்சா?" என்று கேட்காமல் வாசலைத் தாண்டுகிறவர் குறைவு. சாகவில்லை, இந்த ஊர் கொடுக்காத குளிர்காலத்தை அது இப்போது அனுபவிக்கிறது. செந்துளிர் விரல் நீளம் வந்ததும் உரத்தை மறுபடி தொடங்கலாம்.

சமையலறை வளர்க்கிற செடிகள்

ரோஜாவுக்கு நான் செய்கிற வேலையை மூலிகைகளுக்குச் சமையலறையே செய்துவிடுகிறது, பறிக்கிற விதம் தெரிந்தால். எங்கள் வரிசையில் ஒரு பாட்டி கறிவேப்பிலைக்கு வருவார். செடிக்கு நோகுமே என்று இங்கொரு இலை அங்கொரு இலையாக உருவுவார்.

"பாட்டி, இலையா உருவாதீங்க. கொத்தோட ஒடிங்க."

"ஒடிச்சா செடி என்னாத்துக்கு ஆகும்?"

"ஒடிச்சாத்தான் ரெண்டா கெளைக்கும், பாட்டி."

இலையை மட்டும் உருவினால் மொட்டைத் தண்டு நிற்கும். நுனி மேலே போய்க்கொண்டே இருக்கும். தண்டின் நுனியோடு ஒடித்தால் கீழே உறங்குகிற இரண்டு மூன்று கணுக்கள் விழிக்கும். கறிவேப்பிலையை மார்பளவு உயரத்துக்கு மேல் விடக்கூடாது. பூங்கொத்து தெரிந்தால் கிள்ளிவிட வேண்டும். பழுக்கவிட்டால் செடியின் பலம் விதைக்குப் போய்விடும். விதை வேண்டுமென்றால் கறுத்த பழத்தைப் பிதுக்கி, கழுவி, உடனே ஊன்றுங்கள். எடுத்து வைத்த விதை முளைப்பது சந்தேகம். அடியில் வேரிலிருந்து கிளம்புகிற கன்றைப் பிரித்து வைப்பது அதைவிடச் சுலபம்.

இந்தச் செடியின் தாவரவியல் பெயரில் கோனிக் என்ற ஒரு மருத்துவரின் பெயர் ஒட்டியிருக்கிறது. லின்னேயஸிடம் படித்தவர்; 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் வேலை பார்த்தபடி நம் செடிகளைச் சேகரித்தவர். 1779இல் அவர் மலாக்காவுக்கும் வந்து போனார். கறிவேப்பிலையைத் தோட்டத்து லயங்களுக்குக் கொண்டுவந்த நம் முன்னோர்களின் பெயர் எந்தச் செடியிலும் ஒட்டவில்லை. ஆனால் இன்று மலாய் மீன்கறியிலும் அந்த இலை இருக்கிறது. பக்கத்து வீட்டு மக்சிக் இரண்டு கொத்து வாங்கிப் போனால், லக்சாவுக்குப் போடுகிற கெசூம் தழையை ஒரு பிடி வேலிக்கு மேல் நீட்டுவார். அந்தத் தழையின் குச்சியைத் தண்ணீரில் போட்டு வைத்தாலே வேர் வரும். தண்ணீர் தேங்குகிற மூலைக்கு அதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. வல்லாரைக்கும் அதே ஈரமும் அரை நிழலும் பிடிக்கும்.

கறிவேப்பிலையின் இளந்தளிரில் சில சமயம் குருவி எச்சம் விழுந்தது மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று கிடக்கும். தட்டிவிடப் போனால் நகரும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர வளரப் பச்சை நிறத்துக்கு மாறி, தோளில் கண் மாதிரி இரண்டு குறிகள் வரும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டையாகப் பிரிந்த ஒரு கொம்பை வெளியே நீட்டும். காரமான ஒரு வாடை வரும். அவ்வளவுதான் அதன் வீரம், கடிக்காது. சின்னச் செடியானால் புழுவை எடுத்து வேறிடம் விடுவேன். பெரிய செடிக்கு அதுவும் ஒரு கவாத்துதான். தின்ற இடத்தில் மறுபடி துளிர்க்கும். கவலைப்பட வேண்டியது தளிரைச் சுருட்டுகிற இன்னொரு பொடிப் பூச்சிக்கு. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். எலுமிச்சை இனத்தையே அழிக்கிற பச்சை நோயைச் சுமப்பது அதுதான். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் லிமாவ் கஸ்தூரி வைத்திருப்பவர்கள் சுருண்ட தளிரைக் கண்டதும் ஒடித்துப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும்.

புதினாவுக்குக் கடைக்கட்டே போதும். தடித்த தண்டாக நான்கைந்து எடுத்துத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். காலை வெயில் மட்டும் படுகிற இடம், அகலமான தொட்டி. தொட்டி முழுவதும் வேர் பின்னிக்கொண்டதும் இலை சிறுத்துவிடும். அப்போது கவிழ்த்து, நல்ல துண்டுகளைப் புது மண்ணில் வைக்க வேண்டும். கொத்தமல்லி இந்தச் சூட்டில் சீக்கிரம் பூத்துவிடும், அதை மாற்ற முடியாது. முழு மல்லியை லேசாக நசுக்கி இரண்டாக்கி, நேராக மண்ணில் தூவி, முளைத்து ஒரு மாதத்தில் அறுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி விதைத்தால் வீட்டுக்குத் தட்டுப்பாடு இராது. கற்பூரவல்லியை ஒடித்து ஊன்றினால் வந்துவிடும். அதற்குத் தண்ணீர் அதிகமானால்தான் ஆபத்து. ரோஸ்மேரிக்கு மழையே படக்கூடாது. கூரை ஓரத்தில் மண்தொட்டியில் வைத்தவர்கள் காப்பாற்றுகிறார்கள்.

துளசியின் கதிரை விடாமல் கிள்ள வேண்டும். விதை பழுத்துவிட்டால் தன் வேலை முடிந்ததென்று செடி காயத் தொடங்கும். விளக்கு வைத்த பிறகு துளசியைத் தொடக்கூடாது என்பார் அம்மா. நானும் காலையில்தான் பறிக்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன் பறித்த இலையில் மணம் கூடுதல்.

சாப்பிடுகிற செடிக்குப் பக்கத்தில்

ரோஜாவையும் மூலிகையையும் சேர்த்து வளர்ப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரோஜாவுக்கு அடிக்கிற மருந்து காற்றில் பறந்து புதினாவில் விழும். அதனால் என் வாசலில் வேப்பெண்ணெய்க்கு மேல் எதுவும் கிடையாது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, கலப்பதற்குச் சில துளி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு, மழை வராத நாளில். வெயிலில் அடித்தால் இலை வெந்துபோகும். சில நாள் மழை பெய்யாமல் விட்டால் ரோஜா இலை மேலே பொடிப்பொடியாக வெளுக்கும். திருப்பி ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால் தூசி விழும். அந்தத் தூசி நடக்கும். சிலந்திப்பேன். அதற்கு மருந்தே வேண்டாம். குழாயைத் திறந்து இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்ச வேண்டும், காலையில். கடையில் வாங்கிய ரோஜாவின் முதல் பூக்களை வாயில் வைக்கிற எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அதற்கு என்ன தெளித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. குல்கந்துக்கும் ரோஜாத் தண்ணீருக்கும் நம் வீட்டில் வளர்ந்து நம் வீட்டில் பூத்தது மட்டும்தான்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதை நிறுத்திவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் முட்டை கொசுவாகிவிடும். சுகாதார இலாகா அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது தொட்டிக்கு அடியில்தான். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெந்திக்-ஜெந்திக் என்கிற கொசுப்புழு இருந்தால் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். அபராதத்தைவிட டெங்கிக் காய்ச்சல் கொடியது. தொட்டியைச் செங்கல் துண்டு மேல் தூக்கி வைத்தால் வேருக்கும் காற்று, கொசுவுக்கும் இடமில்லை.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்கு மழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளம் குளுவாங்கையும் விடவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வராத வருடங்களிலும் தொட்டி மண் வாரக்கணக்கில் சொதசொதவென்று நிற்கும். இந்த மாதங்களில் உரத்தைப் பாதியாக்கி, தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்ப்பதே முக்கிய வேலை. புகைமூட்டம் வந்தால், 2015லும் 2019லும் வந்தது போல, இலை மேல் சாம்பல் படிந்து மூச்சு முட்டும். அப்போதும் காலையில் இலையைக் கழுவிவிடலாம்.

இவ்வளவும் செய்தும் செடி போய்விடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உரமும் மருந்தும் அங்கே ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். ஆனால் ரோஸ்மேரியைச் சமைக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இருக்க மாட்டார். சாமிக்குப் பூ வைக்கிற பழக்கம் நின்றுபோயிருக்கும். தேவை இல்லாத செடியின் பக்கத்தில் யாரும் போவதில்லை. போகாததால் புள்ளி விழுந்ததைப் பார்ப்பதில்லை, தளிர் சுருண்டதைப் பார்ப்பதில்லை. நோய் முற்றிய பிறகு மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். காலையில் இரசத்துக்கு ஒரு கொத்தும் சாமிக்கு இரண்டு பூவும் எடுக்கப் போகிறவர், தன்னை அறியாமலே செடியைச் சோதித்துவிட்டு, கவாத்தும் செய்துவிட்டுத் திரும்புகிறார். ஆகவே அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது, இந்தச் செடிக்கு என்ன உரம் என்று கேட்பதற்கு முன், இதை நம் வீட்டில் தினமும் யார் பறிக்கப் போகிறார் என்று யோசியுங்கள். ஆள் இருந்தால் வாங்குங்கள்.